எழுநூறு மில்லிலீற்றர்

காலையில் போத்தலை நிரப்பி மேசையில் வைப்பேன்.
கறுப்புப் பேனாவால் கோடிட்ட பழைய கோர்டியல் போத்தல்.
இரவு வரைக்கும் அவ்வளவுதான்:
மாத்திரைக்கு, தேநீருக்கு, சொதிக்கு,
வெயிலுக்கு.

ஜன்னலைத் திறந்தால் வெள்ளவத்தைக் கடல்.
எத்தனை தண்ணீர், ஆண்டவரே,
பகிடி விடுகிறீரா?
தண்டவாளத்துக்கு அப்பால் அது நாள் முழுக்க
வாய் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருக்கிறது.
காலி வீதியில் செவ்விளநீர் சீவுகிறவனின் கத்தி
எனக்கு மட்டும் கேட்கும்படி விழுகிறது.

செவ்வாய், வியாழன், சனி
பெரியாஸ்பத்திரியில் நாலு மணித்தியாலம்.
பக்கத்துக் கட்டிலில் மருதானை பௌசியா.
நோன்பு மாதத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாள்,
“எங்கட நோன்புக்குப் பிறை பாக்கத் தேவல்ல, பியூலா.”
சொல்லிவிட்டு ஒரு ஐஸ் துண்டை வாயில் வைத்தாள்.
கண்ணை மூடினாள்.
அவளுக்காக நான் எண்ணினேன்: இருபது.

முன்பெல்லாம் நீளமாக ஜெபிப்பேன்.
மாதர் சங்கத்தில் என்னைத்தான் கேட்பார்கள்,
சொற்கள் குழாய் திறந்ததுபோல வரும்.
இப்போது நாக்கு ஒரு செருப்புத் தோல்.
“ஆண்டவரே” என்று தொடங்கினால்
அந்தச் சொல்லோடு ஈரம் முடிந்துவிடும்.
அப்படியே விட்டுவிடுவேன்.
மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

சித்திரையில் ஒருநாள், மின்சாரம் நின்ற இரவு,
குசினிக்குப் போய்க் குழாயில் வாயை வைத்தேன்.
குவளை தேடவில்லை.
மாடு குடிப்பதுபோலக் குடித்தேன்.
ஒவ்வொரு மிடறும் எவ்வளவு இனிமை,
அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.
இரண்டு மணிக்குள் நெஞ்சில் கடல் ஏறிற்று.
கீழ்வீட்டு ரொஷான் என்னைப் படிகளால் தூக்கி இறக்கி
தன் த்ரீவீலரில் போட்டுக்கொண்டு பறந்தான்.
வழி முழுக்க, மூச்சுக்கு மூச்சு,
நான் பலம் கேட்கவில்லை. இரக்கமும் கேட்கவில்லை.
“களவெடுத்தேன், களவெடுத்தேன்” என்றுதான் சொன்னேனாம்.
தராசு மூன்றரைக் கிலோ கூட என்றது.
தாதி திலினி ஒன்றும் பேசாமல் எழுதினாள்.
ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என் இடது முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு.
மெல்லிய நாளமொன்றை வெட்டி
நாடியோடு தைத்திருக்கிறார்கள்.
“இந்த நாளம் இப்படியே ஊசி தாங்காது,” என்றார் டொக்டர்,
“நாடியின் வேகம் உள்ளே பாய்ந்தால்
ஆறு கிழமையில் தடிக்கும்.”
வார்ட்டில் அன்றிரவு தூக்கமில்லை.
கையைக் காதருகே வைத்துக் கேட்டேன்.
கிர்ர் என்று ஓடுகிறது,
வேறு யாரோ வீட்டுத் தண்ணீர் மோட்டர் போல.
என் பலம் என்று அதில் ஒன்றுமில்லை.
வெட்டிய இடத்தால்தான் வருகிறது.

தாகத்தோடு ஒருவர் இறந்ததை
வருடாவருடம் பெரிய வெள்ளியில்
வெள்ளைச் சேலை கசங்காமல் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன்.
அவருக்கும் உதடு வெடித்திருக்கும்.
நாற்பத்தாறு வயதில், அந்த இருட்டில்,
முதல்முறையாக அது தோன்றியது.
தாகம் தீரவில்லை.
தாகத்துக்குள் ஆள் இருந்தது.

அடுத்த நாள் போத்தலை நிரப்பினேன்.
அதற்கடுத்த நாளும்.
சில நாள் மத்தியானமே தீர்ந்துபோயிற்று.

மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து.
முழங்கால் மடியாததால் கதிரையில் இருந்தேன்.
போதகர் இறங்கி வந்து கிண்ணத்தை நீட்டினார்,
பெருவிரல் நுனியளவு கண்ணாடி.
விழுங்காமல் வைத்திருந்தேன்,
பாட்டு முடிந்தும்,
ஆட்கள் செருப்புத் தேடத் தொடங்கியும்.
வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதினேன்:
தேநீர் நூறு. சொதி எண்பது.
மாத்திரைக்கு நாற்பது. கிண்ணம் பத்து.

செவ்வாயன்று திலினி அந்த வரியில் விரல் வைத்தாள்.
“அக்கா, இது என்ன பத்து?”
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.
“ஐயோ, அதை வெட்டிவிடுங்கள், கணக்கில் வேண்டாம்.”
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
வெட்டவில்லை.
உள்ளே போனது உள்ளே போனதுதான்.