நாற்பத்தோராவது

குண்டடத்துக்குத் தெற்கே, எட்டாம் எண் பொறி.
மக்காச்சோளம் இடுப்புயரம்.
ஒரு காற்றாலை சுற்றுகிறது,
பக்கத்தில் நிற்பதற்கு இன்று மனசில்லை.

பொறிக்குள் தொங்கும் ரப்பர்த் துண்டில்
பெண்ணின் வாசனை இருக்கிறது.
பெண் இல்லை.
நம்பி வந்து விழுந்தவர்களை
போன மாதக் காலண்டர்த் தாளில் கொட்டி எண்ணுகிறேன்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
முன்னிறகின் நுனியில்
சுண்ணாம்பு விரல் பட்டதுபோல் ஒரு முக்கோணம் இருந்தால்
படைப்புழுவின் அந்து, இடது.
பிரிந்த பாயாகக் குறுக்கும் நெடுக்கும் வெளிர்க்கோடு ஓடினால்
வெட்டுப்புழுவின் அந்து, வலது.
புரட்டிப் போட்டால் போயிற்று.
பின்னிறகு இரண்டுக்கும் ஒரே வெள்ளை,
ஒரே பீஸில் வேட்டி கிழித்த
பங்காளிகள் மாதிரி.

“ரெண்டும் ஒன்னுதானுங்களே”
என்கிறார் தோட்டத்துக்காரர் குழந்தைவேலு.

இல்லீங்.
பழையது வரப்பு ஆமணக்கைத் தின்னும், கடலையைத் தின்னும்,
இலையைச் சல்லடையாக்கி ஊருக்கே காட்டும்.
புதுசு குருத்துக்குள் இறங்கிக்
கதவைச் சாத்திக்கொள்ளும்.
மரத்தூள் மாதிரி எச்சம் வெளியே வந்தால்தான்
உள்ளே ஆள் குடியிருப்பது தெரியும்.

“அப்ப மருந்து?”
மருந்து ஒன்னுதானுங். ஊத்தற இடந்தான் வேற.
அவர் சிரித்தார்.
“அப்பறம் என்னத்துக்குங் பிரிச்சுப் பிரிச்சு எண்ணறீங்க?”

முப்பத்து மூன்று இடது.
ஏழு வலது, வாசல் மாறி வந்தவை.

நாற்பத்தோராவது
விடிய விடியச் சுவரில் மோதியிருக்கிறது.
செதில் உதிர்ந்து இறகு வெறும் கண்ணாடித்தாள்.
முக்கோணமா கோடா,
லென்ஸ் கையை விரித்துவிட்டது.
அடிவயிற்றைப் பிரித்தால் சொல்லிவிடலாம்,
கோயமுத்தூரில், ஒரு வாரத்தில்.
இன்னும் உயிர் இருந்தது.
ஒரு கால் மட்டும்
தாளில் கரிநாள் என்ற எழுத்தைச் சுரண்டியது.

கட்டத்துக்கு வெளியே, ஓரமாக,
பென்சிலில் 1 போட்டேன்.
கூட்டல் இடிக்குதே என்று
சுகந்தமணி மேடம் போன் பண்ணுவார். பண்ணட்டும்.
அதை ஒரு சோளத்தோகையில் ஏற்றிவிட்டேன்.
செய்யக் கூடாது. தெரியும்.

தாராபுரம் பஸ்ஸில்
டிக்கெட்டை வாங்கினபோது
கட்டைவிரல் ரேகை அப்படியே அதில் பதிந்தது,
சாம்பலில், சுழி சுழியாக.

கண்டக்டர் குனிந்து பார்த்தார்.
“துண்ணூறுங்களா?”