ஒட்டு காயும் வரை

சனி இரவு பதினொன்றரைக்கு
சிங்க் இறங்கியது.
விழவில்லை, இறங்கியது;
கருங்கல் மேடைக்கும் எஃகு விளிம்புக்கும் நடுவே
ஐந்து பிராங்க் காசு நுழையுமளவு.
உள்ளே புட்டுப்பானை, ஊறுகிற உளுந்து,
இரண்டு நாள் கோப்பைகள்.

சத்தியதாசன் சிலிக்கோன் துப்பாக்கியை எடுத்தார்.
போன முறையும் அதைத்தான் எடுத்தார்.
"பூசிவிட்டா நிக்கும்."
அது தண்ணீரை மறிக்கும், பாரத்தைச் சுமக்காது என்றேன்.
பதினாறு வருசம் ஆஸ்பத்திரிக் குசினியில் நின்றவள்.
நிரம்பிய தொட்டியின் கனம்
என் முதுகுக்குத் தெரியும்.

ஞாயிறு லாங்கன்தாலில்
துளைபோடும் மெசின் வாய் திறக்கக் கூடாது.
கீழ்வீட்டு ஏஷ்லிமான் அம்மா
எங்கள் தாளிப்பைப் பொறுப்பார்,
அதைப் பொறுக்க மாட்டார்.
தொட்டியைக் கழற்றி இறக்கிவிட்டு
கத்தியும் ஸ்பிரிட்டும் துணியுமாய்
அலுமாரிக்குள் மல்லாக்கப் படுத்தேன்.
கல்லின் அடிவயிற்றில் பழைய பிசினை வழித்தேன்,
விரல் பட்டால் கிறீச்சிடும்வரை.

பிசினுக்கடியில் பித்தளை.
ஒன்று. இரண்டு. நாலு.
கல்லறுத்தவன் மரையோடு பதித்துத் தந்த துளைகள்,
ஒரு திருகாணியையும் அறியாதவை.

"இஞ்ச வாங்கோ" என்றேன்.
அவர் குனிந்து பார்த்தார்.
பல்கனிப் பெட்டிக்குப் போனார்.
பிரிக்காத பை ஒன்று:
நாலு கொளுக்கி, நாலு போல்ட்,
மூன்று மொழியில் செய்முறைத் தாள்.
பைமேல் அவர் கையெழுத்தில்
"மிச்சச் சாமான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததையும் அவர் கேட்டார்.

தொட்டியைத் தூக்கிப் பிடிக்கக் கை போதவில்லை.
மிதிலா கீழே போய்
ஸ்கோடாவின் ஜாக்கைக் கொண்டுவந்தாள்.
பலகைமேல் ஜாக், ஜாக்மேல் மடித்த துவாய்;
திருகத் திருக
டயர் மாற்றும் கார்போலத் தொட்டி ஏறியது.
வடிகால் துளைக்குள்ளால் அவர் கேட்டார்:
"நேராய் இருக்கோ?"
"உங்கட மூக்குத்தான் தெரியுது. அரக்குங்கோ.
இடப்பக்கம். என்ர இடப்பக்கம்."

விளிம்பு முழுக்க எபொக்சி.
நாலு கொளுக்கியையும் மாறி மாறி முறுக்கினேன்,
ஒன்றை ஒரேயடியாய் இறுக்கினால்
எதிர் மூலை வாய் பிளக்கும்.
பிதுங்கியதை ஈரம் வற்றுமுன் துடைத்தார்.
அதை வடிவாய்ச் செய்தார்.

இருபத்துநாலு மணித்தியாலம் தொடக் கூடாது.
கோப்பைகளைக் குளியல் தொட்டியில் கழுவினோம்,
முழங்காலில் நின்று,
ஷாம்பூ வாசத்தில் கறிச்சட்டி.
திங்கள் விடிய வேலைக்குப் போகையில்
ஜாக் இல்லாத காரில்
ஒவ்வொரு கல்லையும் விலத்தி ஓட்டினேன்.

மாலை
ஜாக்கை அரைச் சுற்று இறக்கினோம்.
கேட்டோம்.
இன்னும் அரை.
அடியில் கடதாசி விரித்து
விளிம்புவரை தண்ணீர் நிரப்பினார்.
மிதிலா டோர்ச் பிடித்தாள்.
கடதாசி காய்ந்தே கிடந்தது.

ஆனாலும் ஜாக்கைக் காருக்குக் கொண்டுபோக
புதன்வரை ஒருவரும் எழும்பவில்லை.