இடிச் சத்தத்துக்குப் பொறுப்பானவன்

நிகழ்ச்சித் தாளின் கடைசி வரி:
ஒலி – பிலேந்திரன்.
ஒரு வருசம் அச்சகத்தில் ஓரெழுத்து மாறிப்போய்
ஊர் முழுக்க நான் ஒளியாயிருந்தேன்.

பெரிய வெள்ளி. பாசையூர்க் கடற்கரை மைதானம்.
பிலாத்து எமிலியானுஸ், ஐஸ் கொம்பனிக் கணக்காளன்,
போன மாசம் வந்த படத்து நாயகனின் மீசையோடு
படியிறங்க, பின்வரிசைப் பெடியள் விசிலடிக்கிறார்கள்.
கை கழுவும் இடத்தில் இன்னும் பலமாக.
இரண்டாம் தரமும் கழுவுகிறான்,
அவங்களுக்காக.

இயேசு றெக்சன். ஓட்டோக்காரன்.
நாற்பது நாளாய்த் தாடி; நாற்பது நாளாய்
ஏறுகிற ஒருவரும் மிச்சக் காசு கேட்பதில்லை.

ஆணியறையும் சத்தம் என் கைவேலை,
நனைந்த வள்ளப் பலகையில் அடித்துப் பதிந்தது.
சேவல் பக்கத்து வீட்டுச் சேவல்.
அது கறியாகி ஆறு வருசம்.
இன்னும் பேதுருவை அழவைக்கிறது.

இடிதான் கரைச்சல்.

உயிர் பிரிகையில் பூமி அதிரவேண்டும்,
பாறை பிளக்கவேண்டும், வேதத்தில் இருக்கிறது.
முதல் வருசம் இணையத்தில் இறக்கிய இடி,
எட்டு ஸ்பீக்கர். போட்டேன்.

மைதானம் முழுவதும் குப்புற விழுந்தது.
தாய்மார் பிள்ளைகளின் மேல்.
ஈட்டியை எறிந்துவிட்டு நூற்றுவர் தலைவன்
தலையைக் கையால் மூடிக்கொண்டு சிலுவையடியில்.
நிமிர்ந்திருந்தவன் றெக்சன் மட்டும்.
அவனைக் கட்டியிருந்தோம்.

ஒருவரும் என்னை ஏசவில்லை.
மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்ப இருந்தார்கள்.

அடுத்த வருசம் தகரம் ஆட்டினோம், தகரமாகவே கேட்டது.
பிறகு மேளம். கொடியேற்றம் போலிருந்தது.
ஒருமுறை ஒன்றுமே போடாமல் விட்டேன்;
கச்சான்காரன் சட்டியில் கரண்டி தட்டியது
கடைசி வரிசைவரை.
கடவுள் செத்தால் என்ன சத்தம் கேட்கும், பாதர்?
"மத்தேயு, இருபத்தேழு."
மத்தேயுவிடம் ஸ்பீக்கர் இருக்கவில்லை.

இந்த வருசம் விடியப்புறம் மூன்றரைக்கு
ஒலிவாங்கியோடு போய் நின்றேன்.
தூரத்தில் ஒரு எஞ்சின்.
பதினைந்து குதிரைவலு, கொஞ்சம் இருமல்.
வந்து வந்து வந்து
நின்றது.
பிறகு பலகையில் அலை தட்டுவது.
பதினொரு செக்கன், அவ்வளவுதான்.

இரவு, சிலுவையின் ஏழு வாக்கியங்களுக்கும் அடியில்
அந்த எஞ்சினை ஓடவிட்டேன்,
ஓடுகிறதென்று ஒருவருக்கும் தெரியாத அளவுக்கு மெல்ல.
'தந்தையே, உமது கையில்' என்றபோது
நிறுத்தினேன்.

நடுக்கடலில் எஞ்சின் நின்றால்
அடிவயிற்றில் ஒரு பள்ளம் விழுமே,
அதைப் பதிந்திருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.
பதிகையில் நான் நின்றது கரையில்,
அதை மறந்துபோனேன்.

முன்வரிசையில் திரேசக்கா எழும்பினாள்.
பிறகு றெஜினா. பிறகு சம்மாட்டி வீட்டு மருமகள்.
அழுகையில்லை. சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு
பெண்கள் எழும்பிக்கொண்டே இருந்தார்கள்.
எஞ்சின் நின்றால் வள்ளம் வந்துவிட்டது.
கயிறு வாங்கவேணும். பிடித்து இழுக்கவேணும்.
கைகள் பாதி நீண்டு, அந்தரத்தில்.

மேடையில் றெக்சன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.
பிலாத்து, மீசை ஒரு பக்கம் கழன்று,
திரைச்சீலைக்குள்ளால் எட்டிப் பார்த்தான்.
அண்ணாவியார் என்னை முறைத்தபடி.
கொப்பியில் இப்படியொரு காட்சி இல்லை.

எல்லாம் முடிந்து வயர் சுற்றுகையில் திரேசக்கா வந்தாள்.
"அது ஆற்ற வள்ளமடா?"
தெரியாதக்கா. இருட்டு. பேர் வாசிக்கேலாமக் கிடந்தது.
"எத்தினை பேர் இறங்கினவை?"
நான் எஞ்சின் நிண்ட உடன வந்திட்டன், அக்கா.

கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
"அடுத்த முறை
நிண்டு பார்த்திட்டு வா" என்றாள்.