உடல் மட்டும்

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது:
'உடல் மட்டும்.'
பேட்டரி தனி. சார்ஜர் தனி.
புள்ளி வைத்த மெய்யெழுத்துகள் போல
அலமாரி நெடுக நிற்கின்றன கருவிகள்,
ஓர் உயிர் வந்து ஏறட்டுமென்று.

செயின்ட் ஜான்ஸ். பிப்ரவரி.
லொரேட்டா கை வைக்குமுன்
துறைமுகக் காற்று கடைக்கதவைத் திறந்துவிடுகிறது.

கிளெம் பவரோடு ஒன்பது வருடக் கூட்டு.
பலகைச் சுவர், கூரை, படிக்கட்டு.
செப்டம்பரில் பிரிந்தார்கள். சண்டை இல்லை.
ரசீதுகளை மேசையில் பரப்பி
எது யார் பணம் என்று பார்த்தார்கள்.
டிரில், வட்ட ரம்பம், இம்பாக்ட் டிரைவர் அவளுக்கு.
ஆறு பேட்டரி, இரண்டு சார்ஜர் அவனுக்கு.
கணக்கு சதம் வரை சரியாக இருந்தது.
ஐந்து மாதமாக
வாடகைக் கருவிகளில் வேலை செய்கிறாள்.

இப்போது மலைச்சரிவுத் தெருவில் ஒரு வீடு,
காற்றடிக்கும் பக்கம் முழுக்கப் புதுப் பலகை.
திங்கட்கிழமை தொடங்க வேண்டும்.

மஞ்சளில் மூன்று பேட்டரி, ஒரு சார்ஜர் வாங்கினால் போதும்,
வேனில் கிடக்கும் அத்தனையும் எழுந்துவிடும்.
நானூற்று எண்பது டாலர்.
மலிவு. அறிவுள்ளவர்கள் செய்வது.
ஆனால் மஞ்சள் என்றால் கிளெம்.
ஏதாவதொரு வேலைத்தளத்தில், ஏதாவதொரு மதியத்தில்
"ஒண்ணு குடேன், என்னுது தீர்ந்துபோச்சு" என்பான்.
இவளும் கழற்றிக் கொடுப்பாள்.
அது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது.

சிவப்பு, தொள்ளாயிரம்.
இந்த வாரம் இரண்டு பேட்டரி இலவசம்.
"இலவசமா" என்கிறாள்,
பூனை நாய்க்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்து.
கடைக்காரன் டெர்மட் தோளைக் குலுக்குகிறான்:
"ஒரு பேட்டரி வாங்கினா
இருபது வருஷத்துக்கு அந்தக் குடும்பத்துல
வாக்கப்பட்ட மாதிரிதான், லொரேட்டா."

அவள் காகித விவரங்களைப் படிப்பதில்லை.
கையுறையைக் கழற்றாமலே விசையை அழுத்திப் பார்க்கிறாள்.
துளைமுனையைச் சுழலவிட்டு
ஆட்டம் இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடுகிறாள்.
விளக்கு திருகின்மேல் விழுகிறதா,
தன் நிழலையே அதன்மேல் போடுகிறதா?
பிறகு தலைக்கு மேலே தூக்கி,
கூரையடிப் பலகை இங்கே என்று நினைத்துக்கொண்டு
அறுபது எண்ணுகிறாள்.
மஞ்சள் டிரில்லில் நாற்பத்தொன்றில்
வலது தோள் பேசத் தொடங்கியது.
சிவப்பில் அறுபதும் தாண்டி
பக்கத்து வரிசையில் பெயின்ட் பார்க்க வந்தவர்
பயந்து விலகும்வரை நின்றாள்.

"குளிர்ல எப்படி?"
"எல்லாம் ஒண்ணுதான். பாதி உயிர் போயிடும்.
கோட்டுக்குள்ள வெச்சுக்கோ."
தெரியும். ஒன்பது குளிர்காலம்
விலா எலும்போடு ஒட்டி, முட்டையைப் போல
பேட்டரி சுமந்தவள்தான்.

அட்டையை இயந்திரத்தில் செருகும்போது
டெர்மட் ரசீதைப் பார்த்தபடியே சொன்னான்:
"கிளெம் போன வாரம் வந்தான்.
மஞ்சள் ரம்பம், உடல் மட்டும், என்ன விலைன்னான்.
டிரில்லும் கேட்டான்.
வாங்காமப் போயிட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது.
கடையில் சிரிக்கவில்லை.
வேனுக்குள் ஏறி, கதவைச் சாத்தி,
கண்ணாடி முழுக்க ஆவி படியும்வரை சிரித்தாள்.
ஆறு உயிரை வைத்துக்கொண்டு அங்கே ஒருத்தன்
கருவி தேடி அலைகிறான்.

வீட்டில் புதுச் சார்ஜரைச் சுவரில் செருகினாள்.
சிவப்பாய் ஒரு பொட்டு மினுங்கியது.
கைபேசியில் தட்டினாள்:
'ரம்பம், டிரில், இம்பாக்ட். மூணும் முந்நூறு.
பேரம் கிடையாது.'

முதல் கோடு பச்சையாகுமுன் பதில் வந்தது:
'இருநூத்தம்பது.'

பதில் போடவில்லை.
கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.
இன்னும் மூன்று கோடு இருக்கிறது.