சொத்து இலக்கம் 417

மர்ஜானா ராத்தாவின் கிணறு எட்டு முழம்.
வெல்லம்பிட்டியில் அதற்கு மேல் தோண்டத் தேவையில்லை,
மண்வெட்டியால் கீறினாலே
தண்ணீர் எட்டிப் பார்க்கும்.
மதிலுக்கு அந்தப் பக்கம் யாட்.

போத்தலை மூன்று தரம் அலசி
நாலாம் தரம் நிரப்புகிறேன்.
இரண்டு துளி அமிலம் விடுகிறேன்.
"என்ன புள்ள, நல்ல தண்ணிக்குள்ள அசிட் ஊத்துறீங்க?"
ஈயம் போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, என்கிறேன்.
"அப்ப வயித்துக்குள்ள?"

அந்தக் கேள்விக்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது.
அதுதான் கஷ்டம்.
கலங்கியிருந்தால் ஒருவர் முகம் சுளிப்பார்,
நாறினால் பிரதேச சபைக்கு ஒரு கடிதமாவது போகும்.
இதிலோ குனிந்தவள் முகம்
மூக்குத்தி உட்படத் தெரிகிறது.

"குடிக்கிறல்ல. உடுப்புக் கழுவ, சட்டி கழுவ...
மாசக் கடைசியில சோறாக்கவும்தான்.
பில் கட்ட ஏலாம மீட்டரக் கழட்டிட்டாங்களே."
விடியப்புறம் நாலு மணிக்கு அங்கே வயர் எரிப்பார்கள்,
செம்பு உருகும்போது நெருப்பு பச்சையாய் எழும்பும்,
அதைப் பார்க்கவென்றே இளையவன் விழித்துக்கொள்வானாம்.
பெருநாள் மத்தாப்பு என்று நினைக்கிறான்.
இருமலோடு திரும்பி வந்து படுப்பான்.

யாட்டுக்குள் ஒரு பையன், டிலக்‌ஷன்,
இருபது நிரம்பியிருக்காது.
குந்தியிருந்து குறட்டால்
பச்சைப் பலகைகளின் பல் பிடுங்குகிறான்.
தங்கம் பூசிய முனைகள் ஒரு டின்னில்,
மிச்சமெல்லாம் நீல வாளி அமிலத்தில்.
வாளியைக் கடைசியில் எங்கே ஊற்றுவாய் என்றேன்.
சிரித்தான்.
"இங்கதான் மிஸ். மண் குடிச்சிரும்."

மண் குடித்திருந்தது.
துளைகருவியை முறுக்கி இழுத்தபோது
மேலே கண்ணாடித் தூள்,
பிறகு கரிச் சாம்பல்,
பிறகு மயில்துத்தத்தின் நிறத்தில் ஒரு விரற்கடை,
அதற்கும் கீழே
சதுப்பின் கறுப்பில்
முழுசாய் ஒரு நத்தை ஓடு.
பைக்குள் போட்டு, நேரம் எழுதி, முடிச்சிட்டேன்.
வாய்க்காலுக்கு அப்பால் யாரோ கங்குன் கொய்துகொண்டிருந்தார்கள்,
கட்டுக் கட்டாய், ஈரம் சொட்ட,
பின்னேரச் சந்தைக்கு.

திரும்பும்போதுதான் கண்டேன்.
தார்ப்பாய்க்குக் கீழ் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
தெரிந்தவர் ஒருவரைத்
தெருவில் பின்னாலிருந்து அடையாளம் காண்பதில்லையா, அப்படி.
பதினொரு வருடம் அதன் முன்னால் நின்றிருக்கிறேன்.
எந்தக் கிணற்றில் எவ்வளவு ஈயம் என்று
எனக்குச் சொன்னது அதுதான்.
இப்போது வயிறு பிளந்து,
உள்ளே ஒன்றும் இல்லை.
பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர்:
சொத்து இலக்கம் 417.
ஏழின் நடுவில் குறுக்குக் கோடு.
எங்கள் கந்தோரில் ஏழுக்குக் கோடு போடுவது
நான் ஒருத்திதான்.

புது மெஷின் வந்த கிழமை
பழையதுகளை ஒரு லொறி ஏற்றிப் போனது.
'முறைப்படி அகற்றப்பட்டது' என்று தட்டச்சு செய்திருந்தார்கள்.
சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.
சாப்பாட்டு நேரம். போட்டேன்.

"அதுவா மிஸ்? நல்ல செம்பு தேறிச்சு" என்றான் டிலக்‌ஷன்,
நான் வாங்க வந்தவள் போல.

பஸ்ஸில் போத்தல்கள் மடியில் குலுங்கின.
ஒருகொடவத்தைச் சந்தியில் ராத்தாவின் கோல்:
"புள்ள, தண்ணி என்ன சொல்லிச்சு?"
மூன்று கிழமையாகும் என்றேன்.
"அது மட்டும் என்னத்தால சோறாக்க?"
சிக்னல் போய்விட்டது என்று நினைக்கிறேன்.
அல்லது நான் பேசவில்லை.

இரவு படிவத்தை விரித்தேன்.
மாசின் மூலம், தெரிந்தால் குறிப்பிடுக.
யாட்டின் பெயரை எழுதினேன்,
விலாசத்தை எழுதினேன்,
பேனை அங்கேயே நின்றது.
அடுத்த வரியில் நாலு, ஒன்று,
பிறகு ஏழைக் கோடு போடாமல் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று மாதிரி இருந்தது.
யாருடையது என்றும் சொல்ல முடியாது.

குறுக்கே கோட்டைப் போட்டேன்.