தடாவுக்கு இந்தப் பக்கம்

பறவைக்காய்ச்சல் என்று ஆரம்பாக்கத்தில்
கம்பை இறக்கிவிட்டார்கள்.
ஏரி முழுக்கச் சிதறும் பதினோரு துப்பாக்கியும்
இப்போது ஒரே கோரைக்காட்டில்.
ஒருவன் இருமினால் இன்னொருவன் சுடுகிறான்.

மூன்றாம் நாளே கிளுவைகளுக்குப் பாடமாகிவிட்டது.
பகலெல்லாம் ஆந்திராவில் உட்கார்ந்திருந்து
இருட்டிய பிறகுதான் இங்கே மேய்ச்சல்.

பெஞ்சலய்யா போன் செய்கிறான்:
"கொட்டின நெல்லு மாதிரி கெடக்குது மாமா.
சுட ரவை இல்ல."

ரவை என்னிடம் இருக்கிறது,
கோதுமை மாவு டப்பாவில், ஈரம் படாமல்.

விடிகாலை, படகில் சும்மா இருக்கிறேன்.
தண்ணீரில் கோடு எங்கே என்று
காவலருக்கும் தெரியாது.
தலைக்கு மேல் ஒரு கூட்டம்
சீட்டு காட்டாமல் போகிறது.
வெறுங்கையால் குறி பார்த்தேன்.

கடைசிக் கிளுவை கொஞ்சம் தாழ்ந்து
என் முழங்காலில் எச்சமிட்டது.
வழித்துப் பார்த்தேன்:
அக்கரை நெல்லின் உமி.