உரிமைவிடல்

வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது.
உதவி இயக்குநர்.
தனி அறை, ஜீப்பு, ஓட்டுநர்.
மூன்று மாவட்டத்துக் கோப்புகள்
என் மேசைக்கு நடந்து வரும்.

எனக்கு முன்பே சேதி
சத்துவாச்சாரி கோர்ட் கேன்டீனுக்குப் போயிருந்தது.
டீக்குக் காசு வாங்க மறுத்தான் லோகு.
"இனிமே எங்க மேடம் கீழ எறங்கப் போறீங்க."

ஏட்டு கன்னியப்பன் மட்டும்
சம்மன் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டார்:
"அப்ப அந்தப் பேரணாம்பட்டு கேஸை
யாரு பாக்கறது?"

யாராவது பார்ப்பார்கள்.
யாராவது என்பவர் நல்லவர்தான்,
என்னைவிடச் சட்டம் படித்தவர்.
அவருக்குத் தெரியாதது
அ.சா. மூன்று ஷமீம் பானுவின் இடது காது.

பதினோரு வருஷம்
தோல் ஷாப்பில் டிரம்முக்கு இடம்கொடுத்து நின்ற காது.
அந்தப் பக்கம் கேட்டால்
எந்தக் கேள்விக்கும் தலையாட்டிவிடுவாள்,
மரியாதைக்கு.
கழிவுத் தொட்டியில் இறங்கச் சொன்ன குரலை
அவள் கேட்டது வலது காதில்.
இறங்கிய இருவரும் இல்லை.
ஏணி இருக்கிறது, சான்றுப் பொருள் இரண்டு.
வழக்கு என்பது மொத்தத்தில்
ஒரு ஏணியும் ஒரு காதும்.

இதை எந்தக் கோப்பிலும் எழுத முடியாது.
எழுதினால் எதிர்த்தரப்பும் படிக்கும்.

போன வருஷம் குடியாத்தம் வழக்கு.
வராந்தாவில் முனிரத்தினம் என்னிடம்
ஏதோ சொல்ல வந்தார்.
நான் போனில் இருந்தேன்.
மாதாந்திர அறிக்கை; தண்டனை விழுக்காடு
அறுபத்திரண்டா அறுபத்துமூன்றா என்று
மேலிடம் கேட்டுக்கொண்டிருந்தது.
ஒரு நிமிஷம் என்று விரல் காட்டினேன்.
கூண்டில் ஏறி, என் முதல் கேள்விக்கே,
"எனக்கு ஒன்னும் தெரியாதுங்க" என்றார்.
நான் போனை வைத்திருந்தாலும்
அதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ.
அந்த "என்னவோ"வை
விழுக்காட்டில் எந்தப் பக்கம் சேர்க்க?

தியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.
மேலே உட்கார எனக்குப் பயமும் உண்டு.
விடுப்புக் கடிதங்கள், வீடியோ கூட்டங்கள்,
என்னோடு சேர்ந்து படித்தவளுக்கே
விளக்கம் கேட்டுக் குறிப்பாணை.
இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் வெட்கம்:
எனக்கு ஜெயிக்கப் பிடிக்கும்.
மே மாத வெயிலில் கோட்டு முதுகில் ஒட்ட
எழுந்து நிற்கையில் தொண்டை வறளுமே, அது பிடிக்கும்.
குறுக்கு விசாரணை தோற்று
எதிர் வக்கீல் பேனா மூடும் சின்னச் சத்தம்
ரொம்பவே பிடிக்கும்.

தேவநேசனிடம் சொன்னேன்.
காட்பாடி வீட்டுத் தவணையை
மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தார், தெரிந்தது.
பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து
"மோர் இருக்கு, வேணுமா" என்றார்.
இரண்டு நாள் அதற்குமேல் பேசவில்லை.

படிவத்தில் காரணத்துக்கு ஒரு கட்டம்,
இரண்டு விரல் அகலம்.
காதை அதில் நுழைக்க முடியவில்லை.
"சொந்தக் காரணங்கள்" என்று எழுதினேன்.
பதவி உயர்வு உரிமைவிடல் என்கிறது அரசுத் தமிழ்.
விட்டேன்.
கையெழுத்துக்குக் கீழே தேதி போட மறந்து
எழுத்தர் திருப்பி அனுப்பினார்.
போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பத்தே முக்கால்.
பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கியவள்
பர்தாவுக்குள் வியர்த்து,
டிக்கெட்டைப் பேட்டாவுக்காக மடித்து வைத்திருந்தாள்.
கூண்டில் ஏறினாள்.
எதிர் வக்கீல் மேசை அவள் இடப்பக்கம்.
அங்கிருந்துதான் கேட்பார், சொல்லி வைத்த மாதிரி.
அது பிற்பகல் கவலை.

நான் என் இடத்தை விட்டு
கூண்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.
நடுவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"அங்க எதுக்கு?"
"ஃபேன் சத்தம், ஐயா."

வலது பக்கம் நின்று,
அவள் முகம் என் பக்கம் திரும்பும்வரை
பொறுத்து,
பெயரைக் கேட்டேன்.